கள ஏட்டிலிருந்து குறியீடு வரை: மனித மேம்பாட்டு ஆய்வில் தரவுப் பகுப்பாய்வு

மக்கள் எத்தனை ஆண்டுகள் வாழ்கிறார்கள், எவ்வளவு படிக்கிறார்கள், பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தோடு வளர்கிறார்களா, வீட்டில் கழிப்பறையும் குடிநீரும் இருக்கின்றனவா என்பவற்றை அளந்து ஆராயும் துறை மனித மேம்பாட்டு ஆய்வு. பொருளாதார வளர்ச்சி வீதம் சொல்லாமல் விடுவதை இத்துறை சொல்ல முயல்கிறது. அதன் முடிவுகள் நாளிதழில் ஒரு சதவீதமாகவோ ஒரு தரவரிசையாகவோ வருகின்றன. 2019–21 நிலவரப்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்பது அப்படிப்பட்ட ஓர் எண். 2025-ஆம் ஆண்டு அறிக்கையின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் இந்தியாவுக்கு 130-ஆவது இடம் என்பது இன்னொன்று.

வீடு வீடாகச் சென்ற களப்பணியாளர் பதிந்த விடைகளுக்கும் அச்சில் வரும் இந்த எண்களுக்கும் நடுவில் நடக்கும் வேலை தரவுப் பகுப்பாய்வாளருடையது. அந்த வேலையில் கணக்கு ஒரு பகுதிதான். எந்தப் பதிவைச் சேர்ப்பது, எதை விலக்குவது, எந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவரைக் குறைபாடுள்ளவர் என்று வைப்பது, யாரோடு யாரை ஒப்பிடுவது என்ற தீர்மானங்களே அதில் பெரும்பகுதி. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் இறுதி எண்ணை ஏற்றவோ இறக்கவோ வலுவுண்டு. எனவே அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் எண்ணையும் சரியாகப் படிக்க முடியும்.

தரவு வரும் வழிகள்

ஒருவர் விடாமல் எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கவேண்டிய அது 2011-க்குப் பிறகு 2021-இல் நடைபெறவில்லை. அடுத்தது 2027-க்குத் திட்டமிடப்பட்டது. பிறப்பு, இறப்பு வீதங்களை மாதிரிப் பதிவு முறை ஆண்டுதோறும் தருகிறது. வேலை, கூலி, குடும்பச் செலவு ஆகியவை 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் வழிவந்த கணக்கெடுப்புகளில் கிடைக்கின்றன. உடல்நலம், ஊட்டம், மகப்பேறு, வீட்டு வசதி ஆகியவற்றுக்குப் பெரிதும் கைகொடுப்பது தேசியக் குடும்பநல ஆய்வு.

மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஒருங்கிணைக்கும் இந்த ஆய்வின் முதல் சுற்று 1992–93-இல் நடந்தது. 2019–21-இல் நடந்த ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளைத் தொட்டது. 7,24,115 பெண்களும் 1,01,839 ஆண்களும் பேட்டி கண்ட குழுவினரிடம் விடையளித்தனர். கேள்விகளோடு வேலை முடிவதில்லை. உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. ஐந்தாம் சுற்றில், விரல் நுனியில் குத்தி எடுத்த துளி இரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்க்கப்பட்டது.

பெயர் நீக்கப்பட்ட தனிநபர் பதிவுகள், விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களுக்குக் கோப்புகளாகத் தரப்படுகின்றன. வீடுகளுக்கு ஒரு கோப்பு, பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று, பிறப்புகளுக்கு ஒன்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒன்று என்று அவை தனித்தனியாக இருக்கும். தாயின் படிப்புக்கும் குழந்தையின் உயரத்துக்கும் வீட்டின் கழிப்பறைக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க வேண்டுமானால் இவற்றை இணைக்க வேண்டும். தொகுப்பு (தேர்ந்தெடுத்த கிராமம் அல்லது நகரப் பகுதி) எண், வீட்டு எண், வீட்டுப் பட்டியலில் அந்த நபரின் வரிசை எண் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒருவரை அடையாளம் காட்டும். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு இணைத்தால் ஒரு குழந்தை இரண்டு தாய்மாரோடு ஒட்டிக்கொள்ளும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் போகலாம். அதனால் இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணி, ஆய்வறிக்கையில் அச்சான எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இத்துறையில் முதல் பாடம்.

ஒரு குழந்தையின் வரி

குழந்தைகளின் கோப்பில் ஒரு வரி ஒரு குழந்தை. பெண், வயது 36 மாதம், உயரம் 87.0 சென்டிமீட்டர் என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்ளலாம். இந்த உயரம் குறைவா, போதுமானதா என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரநிலை அந்த அளவுகோல். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த, தாய்ப்பால் குடித்த குழந்தைகளை அளந்து அது உருவாக்கப்பட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள்.

அந்தத் தரநிலைப்படி 36 மாதப் பெண் குழந்தையின் இடைநிலை உயரம் 95.1 சென்டிமீட்டர், திட்ட விலக்கம் ஏறத்தாழ 3.8. மேலே சொன்ன குழந்தை இடைநிலையிலிருந்து 8.1 சென்டிமீட்டர் குறைவு, அதாவது சுமார் –2.1 திட்ட விலக்கம். –2-க்குக் கீழே இருப்போர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் என்பது விதி. ஆகவே இக்குழந்தை 35.5 சதவீதத்துக்குள் வந்துவிடுகிறது.

இப்போது வயதைப் பார்க்க வேண்டும். பிறந்த தேதி எழுதிய அட்டை வீட்டில் இல்லை. “மூணு வயசு இருக்கும்” என்று தாய் சொன்னதை வைத்துப் பதிந்திருக்கிறார்கள் என்றால் உண்மையான வயது 33 மாதமாகவும் இருக்கலாம். 33 மாதத்துக்கு இடைநிலை 92.9 சென்டிமீட்டர். அதே 87.0 சென்டிமீட்டர் இப்போது சுமார் –1.6 ஆகிறது, குழந்தை கோட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது. உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. மூன்று மாத வயதுப் பிழை ஒன்றே முடிவைப் புரட்டிவிடுகிறது. பிறந்த மாதம் சரியாகப் பதிவாவதற்குக் களப் பயிற்சியில் இவ்வளவு அழுத்தம் தருவது இதனால்தான். திருவிழா, அறுவடை, ஊரில் நடந்த தேர்தல் போன்ற நிகழ்ச்சிகளோடு பொருத்திப் பிறந்த மாதத்தைக் கண்டுபிடிக்க உதவும் உள்ளூர் நிகழ்வு நாட்காட்டிகளும் இதற்காகவே தயாரிக்கப்படுகின்றன.

கோப்பில் இந்த விலக்கம் தசமப்புள்ளி இல்லாமல் நூறால் பெருக்கி, –210 என்று எழுதப்பட்டிருக்கும். அளக்கப்படாத குழந்தைக்கும் நம்பமுடியாத அளவு பதிவான குழந்தைக்கும் 9996, 9998 போன்ற சிறப்பு எண்கள் இடப்பட்டிருக்கும். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால், பல திட்ட விலக்கம் உயர்ந்த குழந்தைகள் கொண்ட நாடு ஒன்று திரையில் தோன்றும். இது கண்ணில் படும் பிழை, அதனால் ஆபத்தில்லை. “–2-க்குக் கீழே எத்தனை சதவீதம்” என்று கேட்கும்போது இதே எண்கள் வகுக்கும் மொத்தத்தில் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். அளக்கப்படாதவர்கள் எல்லாம் நல்ல உயரம் உடையவர்களாகக் கணக்கில் வந்து, குறைபாட்டு விகிதம் இறங்கிவிடும். ஆபத்தானது இந்தப் பிழை. சேர்த்துப் பார்க்கத்தக்க எல்லை எது என்பதும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது: உயரக் கணக்கில் –6 முதல் +6 வரையிலான விலக்கங்கள் மட்டும் ஏற்கப்படுகின்றன.

முழு எண்களின் ஈர்ப்பு

வயது கேட்டால் பலரும் 30, 35, 40 என்றே சொல்வார்கள். வயது வாரியாக வரைபடம் போட்டால் 0, 5 ஆகியவற்றில் முடியும் வயதுகளில் முகடுகள் எழும். இதன் அளவைக் காட்டுவது விப்பிள் குறியீடு. 23 முதல் 62 வரையுள்ள வயதினரில் 0 அல்லது 5-இல் முடியும் வயதைச் சொன்னவர்களை எண்ணி, ஐந்தால் பெருக்கி, மொத்த எண்ணிக்கைக்குச் சதவீதமாகச் சொல்வது அது. எல்லோரும் சரியான வயதைச் சொல்லியிருந்தால் விடை 100-ஐ ஒட்டி வரும். எல்லோருமே முழுமையாக்கிச் சொல்லியிருந்தால் 500.

இறப்பிலும் இந்த ஈர்ப்பு உண்டு. பதினொரு மாதத்தில் இறந்த குழந்தையைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டால், “ஒரு வயசுல போயிடுச்சு” என்ற விடை வரும். 12 மாதம் நிறைவதற்கு முன் நிகழும் இறப்பே சிசு மரணம். இப்படிச் சொல்லப்படும் ஒவ்வொரு விடையும் ஓர் இறப்பைச் சிசு மரணக் கணக்கிலிருந்து எடுத்து அடுத்த வயதுப் பிரிவில் போட்டுவிடும். எனவே இறந்த வயது மாதவாரியாக எப்படிப் பரவியிருக்கிறது, 12-ஆம் மாதத்தில் மட்டும் அளவுக்கு மீறிய குவியல் இருக்கிறதா என்று பகுப்பாய்வாளர் முதலில் பார்க்கிறார். ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு வீதம் இந்த நகர்வால் பாதிக்கப்படாது. சந்தேகம் வரும்போது அதை முன்னிறுத்துவது வழக்கம்.

அளவீட்டிலும் முழு எண்கள் புகும். நூற்றுக்கணக்கான குழந்தைகளை அளந்து களைத்த கை, 83.4-ஐ 83.5 என்றோ 83.0 என்றோ எழுதக்கூடும். உயரத்தின் தசம இலக்கங்களில் பத்தும் ஏறக்குறைய சம அளவில் வரவேண்டும். ஒரு குழுவின் பதிவுகளில் பூஜ்யமும் ஐந்தும் மட்டும் மலிந்திருந்தால் அந்தக் குழுவை மேற்பார்வையாளர் திரும்பப் பார்க்க வேண்டும். களப்பணி நடந்துகொண்டிருக்கும்போதே இத்தகைய சரிபார்ப்புப் பட்டியல்களைத் தயாரிப்பதும் பகுப்பாய்வாளரின் வேலை. பணி முடிந்தபின் கண்டுபிடிக்கப்படும் பிழையைத் திருத்த மறுபடி அந்த வீட்டுக்குப் போக முடியாது.

ஒருவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லா அரிசியும் ஒரே சூட்டில் வெந்தால்தான் செல்லும். நாடு அப்படி வேகவில்லை. ஆகவே மாதிரி ஆய்வுகள் மாவட்டம், கிராமம், நகரம் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் போதிய எண்ணிக்கையில் வீடுகளை எடுக்கின்றன. சிறிய மாவட்டத்திலும் பெரிய மாவட்டத்திலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் எடுப்பதால், சிறிய மாவட்டத்து மக்கள் தங்கள் அளவை மீறித் தரவில் இடம்பிடிக்கிறார்கள்.

ஒரு கற்பனை மாநிலத்தில் இரண்டே மாவட்டங்கள். ஒன்றில் பத்து லட்சம் குழந்தைகள், மற்றதில் ஒரு லட்சம். இரண்டிலும் ஆயிரம் ஆயிரமாக அளக்கிறார்கள். பெரிய மாவட்டத்தில் உயரக் குறைபாடு 20 சதவீதம், சிறியதில் 40. அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் 30 சதவீதம். உண்மையில் அந்த மாநிலத்தில் குறைபாடுள்ள குழந்தைகள் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். பதினொரு லட்சத்தில் அது 21.8 சதவீதம். இந்த இடைவெளியைச் சரிசெய்ய, ஒவ்வொரு பதிவோடும் அவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பதைக் காட்டும் மாதிரி எடை சேர்த்துத் தரப்படுகிறது. எடையைப் போடாமல் கணக்கிட்ட விகிதம் மாதிரியில் இருந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசும். மாநிலத்தைப் பற்றி அல்ல.

எடை போட்டபின்னும் ஐயம் மிஞ்சும். ஐந்தாம் சுற்றில் ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடுகள். அவற்றில் அளக்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 250 பேர் என்றும் 30 சதவீதத்தினருக்கு உயரக் குறைபாடு என்றும் வைத்துக்கொண்டால், தற்செயலால் வரும் பிழை வரம்பு இருபுறமும் சுமார் 5.7 சதவீதப் புள்ளிகள். அந்த 250 பேரும் மாவட்டமெங்கும் சிதறிக் கிடப்பவர்கள் அல்லர். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கிராமத்திலும் அல்லது நகரப் பகுதியிலும் 22 வீடுகள் என்ற கணக்கில் எடுக்கப்பட்டவர்கள். ஒரே தெருவில் வசிப்போர் ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே அங்கன்வாடிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அவர்களில் இரண்டாமவரிடம் புதிதாகத் தெரிந்துகொள்வது குறைவு. இந்த ஒற்றுமையால் பிழையின் வர்க்கம் ஒன்றரை மடங்கானால் வரம்பு 7 புள்ளிகளாக விரிகிறது: உண்மை பெரும்பாலும் 23-க்கும் 37-க்கும் இடையில் எங்கோ இருக்கும். அடுத்த சுற்றில் அந்த மாவட்டத்தில் 26 சதவீதம் என்று வந்தால் “நான்கு புள்ளி முன்னேற்றம்” என்று தலைப்பிட முடியாது. மாவட்டத் தரவரிசைப் பட்டியல்களில் அடுத்தடுத்து நிற்கும் பெயர்களுக்கிடையே பெரும்பாலும் இப்படிப்பட்ட வேறுபாடுதான் இருக்கிறது.

மூன்று எண்கள் ஒன்றாகும்போது

பாகிஸ்தானியப் பொருளியலாளர் மகபூப் உல் ஹக் தலைமையில், அமர்த்தியா சென்னின் கருத்துகளைத் துணைகொண்டு, ஐ.நா. மேம்பாட்டுத் திட்டம் 1990-இல் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. தனிநபர் வருமானம் ஒன்றையே பார்த்துப் பழகிய அரசுகளின் கவனத்தைத் திருப்ப, அதைப் போலவே ஒற்றை எண்ணாக ஒரு குறியீடு வேண்டும் என்பது ஹக்கின் எண்ணம். இத்தனையையும் ஒரே எண்ணில் அடக்குவதில் சென்னுக்குத் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது.

ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் அக்குறியீட்டின் கூறுகள். ஒவ்வொன்றுக்கும் கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு. பிறப்பின்போது எதிர்பார்க்கும் ஆயுளுக்கு 20 முதல் 85 ஆண்டு. பள்ளியில் சேரும் வயதுக் குழந்தை படிக்கக்கூடிய ஆண்டுகளுக்கு 0 முதல் 18. 25 வயதைக் கடந்தோர் படித்து முடித்த சராசரி ஆண்டுகளுக்கு 0 முதல் 15. வாங்கும் திறனுக்கேற்பச் சரிசெய்த தனிநபர் வருமானத்துக்கு 100 முதல் 75,000 டாலர்.

2025-ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தியாவின் 2023-க்கான எண்கள் இவை: ஆயுள் 72.0, எதிர்பார்க்கும் பள்ளி ஆண்டுகள் 13.0, சராசரிப் பள்ளி ஆண்டுகள் 6.9, வருமானம் 9,047 டாலர். ஆயுளில் 20-ஐக் கழித்து 65-ஆல் வகுத்தால் 0.800. கல்வியின் இரண்டு விகிதங்கள் 0.722, 0.460; அவற்றின் சராசரி 0.591. வருமானத்தில் மடக்கை எடுக்கப்படுகிறது. ஆயிரம் டாலர் இரண்டாயிரம் ஆவதும் பத்தாயிரம் இருபதாயிரம் ஆவதும் வாழ்க்கையில் ஒரே அளவு மாற்றம் என்ற கருத்து இதற்குள் இருக்கிறது. கணக்கிட்டால் 0.681. மூன்றையும் பெருக்கி மூன்றாம் மூலம் எடுத்தால் 0.685. 193 நாடுகளில் 130-ஆவது இடம் தருவது இந்த எண்தான்.

2010 வரை மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். அந்த முறையில் இதே கூறுகளுக்கு 0.691 வரும். கூட்டுச் சராசரியில் ஒரு துறையின் பின்னடைவை இன்னொன்றின் உயர்வு முழுதாக ஈடுகட்டிவிடும். பெருக்குச் சராசரியில் மிகத் தாழ்ந்த கூறு முழு எண்ணையும் கீழே இழுக்கும். பள்ளிக்கூடம் இல்லாத குறையை எண்ணெய்ப் பணம் மறைத்துவிடக்கூடாது என்பதே இந்த மாற்றத்தின் நோக்கம்.

கூறுகளைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் குறியீடு பேசத் தொடங்குகிறது. அதே ஆண்டில் இலங்கையின் குறியீடு 0.776, இடம் 89. எதிர்பார்க்கும் பள்ளி ஆண்டுகள் அங்கே 13.1, இந்தியாவின் 13.0-க்கு ஏறக்குறைய சமம். இன்று பள்ளியில் சேரும் குழந்தையைப் பொறுத்தவரை இரு நாடுகளுக்கும் பெரிய வேறுபாடில்லை. பெரியவர்கள் படித்த சராசரி ஆண்டுகளோ இலங்கையில் 10.8, இந்தியாவில் 6.9. இலங்கை 1940-களிலேயே இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது. அப்போதும் அதற்குப் பின்னரும் இந்தியாவில் பள்ளிக்குப் போகாத தலைமுறைகள் இன்னும் கணக்கில் இருக்கின்றன. நல்ல கல்விக் கொள்கை இன்று வந்தாலும் சராசரிப் பள்ளி ஆண்டுகள் மெதுவாகவே உயரும். ஆண்டுதோறும் தரவரிசையைப் பார்த்து அரசைப் புகழ்வோரும் பழிப்போரும் இந்த இரண்டு கல்வி எண்களையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

சராசரிக்குள் ஏற்றத்தாழ்வு மறைந்திருக்கும் என்பதால், அதைக் கழித்துச் சொல்லும் குறியீடும் வெளியாகிறது. இந்தியாவுக்கு அது 0.475, இழப்பு 30.7 சதவீதம்.

ஏழை எவர் என்ற கோடு

வருமானத்தை விட்டு, இல்லாமைகளை நேரடியாக எண்ணுவது பல்பரிமாண வறுமைக் குறியீடு. சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் ஆகியோர் வகுத்த முறையில் 2010 முதல் உலக அளவில் அது கணக்கிடப்படுகிறது. உடல்நலத்திலும் கல்வியிலும் இரண்டிரண்டு அடையாளங்கள். ஒவ்வொன்றின் பங்கு ஆறில் ஒன்று. சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள் என்ற ஆறும் வாழ்க்கைத் தரத்தைக் காட்டுபவை; ஒவ்வொன்றும் பதினெட்டில் ஒரு பங்கு. இல்லாமைகளின் மொத்தம் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் அந்த வீட்டார் ஏழைகள்.

ஆறாம் வகுப்பு வரை படித்தவர் எவருமில்லாத, விறகில் சமைக்கும், கழிப்பறை இல்லாத, மண் தரை வீடு ஒன்று. கல்விக்குப் பதினெட்டில் மூன்று, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று; மொத்தம் பதினெட்டில் ஆறு. சரியாக மூன்றில் ஒன்று. அந்த வீட்டுக்கு ஒரு கழிப்பறை கட்டிக்கொடுத்தால் மொத்தம் ஐந்தாகக் குறைந்து, வீட்டார் அனைவரும் அதே நாளில் வறுமையிலிருந்து வெளியேறியவர்கள் ஆவார்கள். மற்றக் குறைகள் அப்படியே இருக்கும். இதனால் இந்தக் குறியீட்டில் இரண்டு எண்கள் சேர்ந்தே வருகின்றன: ஏழைகளின் விகிதமும், அவர்கள் சராசரியாக எத்தனை இல்லாமைகளைச் சுமக்கிறார்கள் என்ற தீவிரமும். இந்திய அரசின் நிதி ஆயோக் மகப்பேற்றுக் கவனிப்பு, வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் சேர்த்துப் பன்னிரண்டு அடையாளங்களோடு கணக்கிட்டது. 2015–16-க்கும் 2019–21-க்கும் இடையில் ஏழைகளின் விகிதம் 24.85 சதவீதத்திலிருந்து 14.96-ஆகக் குறைந்தது, தீவிரம் 47.14-இலிருந்து 44.39-ஆக மட்டுமே குறைந்தது. கோட்டைத் தாண்டியோர் பலர். தாண்டாதவர்களின் சுமை சிறிதே இறங்கியிருக்கிறது. எந்த அடையாளம் இந்த மாற்றத்துக்கு எவ்வளவு பங்களித்தது என்று பிரித்துக் காட்டுவதும், கோட்டை மேலும் கீழும் நகர்த்தி முடிவு தாங்குகிறதா என்று சோதிப்பதும் பகுப்பாய்வாளரின் கடமை.

காரணம் தேடுதல்

எவ்வளவு என்ற கேள்விக்கு அடுத்தது ஏன் என்ற கேள்வி. வருமானத்தில் பின்தங்கிய பல ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகள் உயரம் குறைந்தவர்களாக இருப்பது நெடுங்காலப் புதிர். திறந்தவெளியில் மலம் கழிப்பதால் பரவும் குடல் தொற்றுகள் உணவின் பயனைக் கெடுக்கின்றன என்பது டீன் ஸ்பியர்ஸ் முன்வைத்த விளக்கம். சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் தரவைப் பிறப்பு வரிசைப்படி பிரித்தார்கள். முதல் குழந்தைகளை ஒப்பிட்டால் இந்தியா பின்தங்கவில்லை. இரண்டாவது குழந்தையில் இடைவெளி தொடங்கி, மூன்றாவதில் விரிகிறது. மூத்த மகனுக்கே முதலிடம் தரும் குடும்ப வழக்கத்தோடு இதை அவர்கள் இணைத்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மூன்றாவது குழந்தை பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பத்தில்தான் இருக்க முடியும். அத்தகைய குடும்பங்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவை. உயரக் குறைவு பிறப்பு வரிசையால் வந்ததா, குடும்பத்தின் ஏழ்மையால் வந்ததா? ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டால் ஏழ்மை இருவருக்கும் பொது என்பதால் அதன் பங்கு நீங்கிவிடும். ஆனால் உயரம் அளக்கப்படுவது ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு மட்டும். ஆகவே இந்த ஒப்பீட்டில் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு பிள்ளை பெற்ற தாய்மாரே வருகிறார்கள்; இடைவெளி விட்டுப் பெற்றவர்கள் வருவதில்லை. யார் கணக்கில் வருகிறார்கள் என்பதே முடிவை வளைக்கக்கூடும் என்று ஸ்பியர்ஸ், டயான் காஃபி, ஜெரே பெர்மன் ஆகியோர் பின்னர் சுட்டிக்காட்டினார்கள். இந்த விவாதத்தில் எல்லாத் தரப்பினரும் பயன்படுத்தியவை ஒரே வகைக் கோப்புகள். யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள்.

காலத்தை ஒப்பிடுதல்

குடும்பநல ஆய்வு ஒவ்வொரு சுற்றிலும் புதிய வீடுகளைத் தேர்கிறது. சமூகம் மாறியதா என்பதற்கு அதில் விடை உண்டு. மூன்று வயதில் வளர்ச்சி தேங்கிய ஒரு குழந்தை பதினைந்தில் என்ன ஆனது என்பதற்கு இல்லை. அதற்கு ஒரே நபர்களைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு வேண்டும். எத்தியோப்பியா, பெரு, வியட்நாம், இந்தியாவில் ஆந்திரமும் தெலங்கானாவும் என்று நான்கு நாடுகளில் சுமார் 12,000 குழந்தைகளை 2002 முதல் பின்தொடரும் ‘யங் லைவ்ஸ்’ அத்தகையது. இதில் பகுப்பாய்வாளரின் கவலை வேறு. வீடு மாறிப் போனவர்கள், மணமாகிச் சென்ற பெண்கள் சுற்றுக்குச் சுற்று நழுவுவார்கள். நழுவுவோர் மற்றவர்களைப் போன்றவர்கள்தானா என்று பார்த்தபின்பே எஞ்சியோரைப் பற்றிப் பேச முடியும்.

சுற்றுகளை ஒப்பிடும்போதும் கேட்கவேண்டியவை உண்டு. ஐந்தாம் சுற்றின் களப்பணி கொரோனா ஊரடங்கால் இடையில் நின்றது. தமிழ்நாட்டில் ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்பும் மறுபகுதி 2020 முடிவில் தொடங்கியும் நடந்தது. தமிழகக் குழந்தைகளின் உயரக் குறைபாடு 27.1 சதவீதத்திலிருந்து 25.0-ஆகக் குறைந்ததாகச் சொல்லும் எண்ணுக்குள் அந்த இரண்டு காலங்களும் கலந்திருக்கின்றன. மனித மேம்பாட்டுக் குறியீட்டிலும் பழைய அறிக்கையின் எண்ணைப் புதிய அறிக்கையின் எண்ணோடு ஒப்பிடுவது தவறு. மூலத் தரவுகள் திருத்தப்படுவதால், புதிய அறிக்கையிலேயே திருத்தித் தரப்படும் பழைய ஆண்டுகளின் வரிசையைத்தான் எடுக்க வேண்டும்.

மறைகாப்பு

பெயரை நீக்கினால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. ஒரு கிராமத்தில் கல்லூரி முடித்த விதவை, இரட்டைக் குழந்தைகளின் தாய் என்ற விவரங்கள் சேர்ந்தால் அந்த ஊர்க்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளும் இதே கோப்பில் இருப்பதால் இது சிறிய விஷயம் அல்ல. பல நாடுகளில் நடக்கும் இவ்வகை ஆய்வுகளில் தொகுப்புகளின் புவியிடக் குறிகள் வேண்டுமென்றே நகர்த்தித் தரப்படுகின்றன: நகரத்தில் இரண்டு கிலோமீட்டர் வரை, கிராமத்தில் ஐந்து கிலோமீட்டர் வரை, கிராமங்களில் நூற்றில் ஒன்றுக்குப் பத்து கிலோமீட்டர் வரை. மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிடுவோர் இந்த நகர்வைத் தங்கள் பிழைவரம்பில் சேர்க்க வேண்டும்.

வேண்டிய தேர்ச்சி

புள்ளியியல், பொருளியல், மக்கள்தொகையியல், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் முதுகலைப் படிப்பு இப்பணிக்கு வழக்கமான வாசல். குடும்பநல ஆய்வை ஒருங்கிணைக்கும் மும்பை நிறுவனத்தைத் தவிர, சென்னையில் உள்ள மெட்ராஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனம், திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம், மாநிலத் திட்டக் குழுக்கள், பொருளியல் புள்ளியியல் துறைகள், தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்கள் ஆகியவை இத்தகையோரைப் பணியில் வைக்கின்றன. ஸ்டேட்டா, ஆர், பைத்தான் ஆகியவை புழங்கும் கருவிகள். எந்தக் கருவியானாலும் மூலக் கோப்பைத் தொடாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் நிரலாக எழுதி வைப்பது கட்டாயம். இரண்டாண்டு கழித்து வேறொருவர் அதே நிரலை ஓட்டினால் அதே எண் வர வேண்டும். எக்செல் தாளில் கையால் திருத்திய ஒரு கட்டத்துக்குச் சாட்சி கிடையாது.

மென்பொருளுக்கு இணையாக வேண்டியது வினாத்தாளைப் படிக்கும் பழக்கம். கேள்வி எந்தச் சொற்களில், யாரிடம், எந்த வரிசையில் கேட்கப்பட்டது என்று தெரியாமல் விடையின் பொருள் விளங்காது. ‘வேலை செய்கிறீர்களா’ என்று கேட்டால் சொந்த வயலில் நாளெல்லாம் களையெடுக்கும் பெண் இல்லை என்பார். ‘கடந்த ஏழு நாளில் வயலிலோ மாட்டுத் தொழுவத்திலோ ஏதேனும் செய்தீர்களா’ என்று கேட்டால் ஆம் என்பார். களத்துக்குச் சில நாள் போய் வந்த பகுப்பாய்வாளர்கள் இத்தகைய வேறுபாட்டை எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள்.

கடைசிக் கட்டம் எழுதுவது. அமைச்சரின் மேசைக்குப் போகும் இரண்டு பக்கக் குறிப்பிலும் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: எண், அதன் பிழை வரம்பு, அது யாரைச் சேர்த்து யாரை விட்டது என்ற விவரம், அதைக் கொண்டு சொல்ல முடியாதது எது என்ற குறிப்பு. இவற்றில் முதலாவது மட்டும் நாளிதழுக்கு எட்டுவது வழக்கம். மற்ற மூன்றும் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தால், அந்த எண்ணை வைத்துத் திட்டம் வகுப்போரும் கேள்வி எழுப்புவோரும் அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.